பேச்சு திரும்பிவிட்டது, மொழி திரும்பியதா? தலைக்காயத்துக்குப் பின் தோட்டத்துப் பிள்ளைகள்

கேமரன்மலையில் ஒரு பிள்ளைக்குத் தலையில் பலத்த அடிபட்டால், முதல் சிகிச்சை தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கால்சோம் மருத்துவமனையில் கிடைக்கும். மூளை அறுவை மருத்துவர் தேவைப்பட்டால் மலையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். மாநிலம் பகாங்தான் என்றாலும் குவாந்தான் வெகு தூரம். அருகில் இருப்பது பேராக் மாநிலத்தின் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. கம்போங் ராஜா, புளூவேலி பக்கத்தவர்களுக்குச் சிம்பாங் பூலாய் சாலை. ரிங்லெட், போ தோட்டப் பக்கத்தவர்களுக்குத் தாப்பாவுக்கு இறங்கும் பழைய சாலை. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு மட்டுமே ஏறக்குறைய 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு.

உயிரைக் காப்பாற்றும் அந்தப் பயணத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் பிள்ளை பிழைத்து, கட்டுப் பிரித்து, வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி மலையில் பேச்சே எழுவதில்லை.

வீட்டில் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று. பிள்ளை வாய் திறக்க வேண்டும். பல நாள் மௌனத்துக்குப் பிறகு "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டால், தண்ணீர் கேட்டுவிட்டால், "பேச்சு வந்துருச்சு, இனி பயமில்ல" என்று கோயிலில் அர்ச்சனையும் செய்தாகிவிடும். ஒரு மாதத்தில் சீருடை போட்டுப் பள்ளிக்கும் அனுப்பிவிடுவார்கள். மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளையை ஆசிரியர் "கவனம் இல்லை", "சோம்பேறி", "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை" என்று சொல்லும்போது, பழைய விபத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பெற்றோருக்கே அது ஆறிப்போன புண்.

தலைக்காயம் பட்ட பிள்ளைகளின் மொழித்திறன் பற்றிய ஆய்வுகள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருவது இந்த இடத்தைப் பற்றித்தான்.

குரல், பேச்சு, மொழி

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 2012 அக்டோபர் 9ஆம் தேதி பாகிஸ்தானில் தலையில் சுடப்பட்டபோது மலாலா யூசுப்சாய்க்கு வயது 15. இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவமனையில் கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்ததால் குரல் வரவில்லை. எழுத்துப் பலகையைக் காட்டியதும் எழுத்து எழுத்தாகத் தொட்டுக் கேள்வி கேட்டார். குரல் இல்லை, மொழி இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் சுடப்பட்டார். குண்டு மூளையின் இடப்பக்கத்தைத் துளைத்தது. அவருக்குப் பின்னாளில் குரல் இருந்தது, சொல்ல நினைத்தது மனத்தில் இருந்தது, சொல் மட்டும் வாய்க்கு வரவில்லை. இதை மருத்துவத்தில் 'அஃபேசியா' என்பார்கள். மூளையின் இடப்பக்கத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பை பிரான்சில் பால் புரோகா 1860களில் எடுத்துக்காட்டிய காலத்திலிருந்தே அறியப்பட்ட நிலை அது.

மோட்டாரிலிருந்து தூக்கியெறியப்படும் பிள்ளைக்கு நேர்வது பெரும்பாலும் இந்த இரண்டுமே இல்லை. மூளை மென்மையான பொருள். வேகமாக ஓடிச் சட்டென்று நிற்கும்போது அது மண்டையோட்டின் உட்பக்க மேடுகளில் மோதுகிறது. நெற்றிப் பக்கமும் காதோரப் பகுதியும் அதிகம் அடிபடுகின்றன. அதோடு மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நுண்ணிய இழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. சிடி ஸ்கேனில் இரத்தக்கட்டு தெரியும், எலும்பு முறிவு தெரியும். இழைகளின் சேதம் பல வேளைகளில் தெரியாது. "ஸ்கேன் கிளியர்" என்ற சொல்லுக்கு "அறுவை செய்ய வேண்டியது எதுவும் இல்லை" என்ற அளவில்தான் பொருள்.

மருத்துவச் சீட்டில் 'ஜிசிஎஸ்' என்று எழுதி ஓர் எண் போட்டிருப்பார்கள். 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உருவான அளவுகோல் அது. 3 முதல் 15 வரை. 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான காயம், 13 அல்லது அதற்கு மேல் என்றால் லேசானது. அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைக்கும் வீடுகள் குறைவு. பின்னால் அது வேண்டியிருக்கும்.

இப்படிப் பரவலாக அடிபட்ட பிள்ளைக்குச் சொற்கள் திரும்பிவிடும். படத்தைக் காட்டினால் நாய், பூனை, குடை என்று பெயர் சொல்லும். வாக்கியம் சரியாக இருக்கும். சாதாரண மொழிச் சோதனையில் தேறியும் விடும். 1990இல் கனடாவின் மோரீன் டென்னிஸ், மார்சியா பார்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தலைக்காயம் பட்ட பிள்ளைகளிடம் வேறு வகையான கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். இரு பொருள் தரும் சொல், உருவகமாகச் சொல்லப்பட்டது, இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் சொல்லாமல் விடப்பட்டது ஆகியவற்றில் அந்தப் பிள்ளைகள் தடுமாறினார்கள். அமெரிக்காவின் சாண்ட்ரா சாப்மன் குழு 1992இல் வெளியிட்ட ஆய்வு, கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னது. கடுமையாகக் காயம்பட்ட பிள்ளைகளின் கதையில் வாக்கியங்கள் இருந்தன. கதையின் முக்கியச் செய்தி விட்டுப்போயிருந்தது.

தமிழ்ப்பள்ளிப் பாடத்தில் அது எங்கே தெரியும்?

தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தை அறிந்தவர்களுக்கு மேலே சொன்ன பட்டியல் புதிதாக இருக்காது. 'செய்யுளும் மொழியணியும்' என்ற பகுதியில் மரபுத்தொடர், இணைமொழி, உவமைத்தொடர், பழமொழி என்று ஆண்டுதோறும் வருவது அதேதான். "கை கழுவுதல்" என்றால் என்ன என்று கேட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது என்று பதில் வரும். முதலாம் ஆண்டில் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். ஐந்தாம் ஆண்டிலும், பாடம் நடத்திய மறுநாளும் அதே பதில் வந்தால், மனப்பாடம் செய்யவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கருத்துணர்தல் பகுதியில் "குமரன் ஏன் குடையை மறைத்தான்?" என்பது போன்ற, பத்தியில் நேரடியாக விடை இல்லாத கேள்விகளும் அப்படியே.

இன்னொன்று தமிழுக்கே உரியது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாம். "வந்துச்சு, கடிச்சிருச்சு, ஓடிட்டான்" என்று ஒரு பிள்ளை சொன்னால் வந்தது நாய், ஓடியது தம்பி என்பதை வீட்டில் இருப்பவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். லயத்து வீட்டில் அன்றாடம் பேசப்படும் சங்கதி பத்துப் பதினைந்துக்குள் அடங்கிவிடும் என்பதால் நிரப்புவதும் எளிது. ஆகவே பிள்ளையின் பேச்சில் உள்ள ஓட்டை அம்மாவின் காதுக்குத் தெரியாது. புதிய ஆளிடம், புதிய செய்தியை, முன்பின் வரிசையோடு சொல்ல வேண்டிய இடத்தில்தான் தெரியும். விளையாட்டுப் போட்டி நாளைப் பற்றிச் சொல் என்றால் முதலில் கோப்பை வரும், பிறகு பஸ், பிறகு மழை. யார் ஓடினார், யார் ஜெயித்தார் என்பது வரவே வராது.

வாக்கிய அமைப்பிலும் இதே கதைதான். "எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பள்ளிக்கு வந்தேன்" என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போவது பிள்ளைக்குச் சுலபம். "அண்ணனைத் துரத்திய நாயை அடித்த பையன் அழுதான்" என்ற வாக்கியத்தில் அழுதது யார் என்று கேட்டுப் பார்த்தால், முதல் பாதியை நினைவில் நிறுத்தி வைக்க முடியாத பிள்ளை தடுமாறும். இங்கே அடிபட்டிருப்பது தமிழ் இலக்கண அறிவு என்பதைவிட, வேலை நேரத்தில் செய்தியைப் பிடித்து வைத்திருக்கும் நினைவாற்றல். ஆங்கிலத்துக்குச் செய்த மொழிச் சோதனையை அப்படியே தமிழாக்கிக் கேட்டால் இவை அகப்படா. தமிழுக்கென்று சோதனை அமைக்க வேண்டும். அதுவும் தமிழ்நாட்டுப் பிள்ளையின் தமிழை அளவாக வைக்காமல், மலாய்ச் சொல் கலந்து பேசும் மலேசியப் பிள்ளையின் தமிழை வைத்து.

மூன்று மொழி இருப்பதும் குறையை மறைக்கிறது. தமிழில் சொல் தேடித் திணறினால் "மலாய் நல்லா வரும்" என்பார்கள். மலாயில் திணறினால் "தமிழ்ப்பள்ளிப் பிள்ளைதானே" என்பார்கள். ஒரு மொழியில் மட்டும் குறை என்றால் அது பழக்கக் குறைவாக இருக்கலாம். மூன்றிலும் ஒரே வகையான தடுமாற்றம் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க மூன்றிலும் கேட்டுப் பார்க்கும் ஒருவர் தேவை.

இதற்கிடையில் பெற்றோருக்குக் கிடைக்கும் இலவச ஆலோசனை, "தமிழை நிறுத்திவிட்டு ஒரே மொழியில் பேசுங்கள்" என்பது. இருமொழிச் சூழல் மொழிக் கோளாறை உண்டாக்குவதில்லை, கூட்டுவதுமில்லை என்பது பேச்சு-மொழி மருத்துவத் துறையில் இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. மூளை அடிபட்ட பிள்ளையிடம் மிச்சமிருக்கும் உறுதியான சொத்து வீட்டு மொழி. பாட்டியோடும் தம்பியோடும் பேசும் மொழியை எடுத்துவிட்டால், பேசிப் பழகும் நேரமே பாதியாகிவிடும்.

"சின்னப் பிள்ளை, சீக்கிரம் தேறிடும்"

ஊர்ப்பேச்சில் மட்டுமின்றி ஒரு காலத்தில் அறிவியலிலும் இந்த நம்பிக்கை இருந்தது. 1930களில் அமெரிக்காவில் மார்கரெட் கென்னார்ட் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில், இளம் வயதில் மூளைக் காயம் பட்டவை நன்றாகத் தேறின. 1967இல் எரிக் லென்னபெர்க் மொழியைப் பற்றி எழுதிய நூலும், பருவ வயதுக்கு முன் மூளை தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் என்ற கருத்தை வலுப்படுத்தியது. பிறக்கும்போதே மூளையின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளிடம் இது ஓரளவு உண்மை. மறுபக்கம் மொழியை ஏற்றுக்கொள்கிறது.

விபத்தில் மூளை முழுவதும் குலுங்கிய பிள்ளைக்கு அப்படி ஒதுங்கிக்கொள்ள அடிபடாத பக்கம் இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் விக்கி ஆண்டர்சன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு உட்படப் பல ஆய்வுகள், கடுமையான காயம் என்றால் சிறு வயதில் பட்டவர்களே அதிகம் பின்தங்குகிறார்கள் என்று காட்டின. தேயிலை வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதிர்ந்த செடியை அடியோடு கவாத்து வெட்டினாலும் தளிர்க்கும். அதற்கு வேர் இருக்கிறது. நாற்றங்காலில் அடிபட்ட கன்று உடனே வாடாது. பக்கத்துக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்த பிறகுதான் இது நின்றுவிட்டது தெரியும். காயத்துக்கு முன்பே கற்றுக்கொண்டது ஓரளவு தப்பிவிடுகிறது. இனிமேல் கற்க வேண்டியதுதான் பெரிதும் அடிவாங்குகிறது. ஐந்து வயதில் அடிபட்ட பிள்ளை ஆறு வயதில் மற்றப் பிள்ளைகளைப் போலவே பேசும். எழுத்துக்கூட்டிப் படிப்பது முடிந்து, படித்ததைப் புரிந்து எழுத வேண்டிய நான்காம் ஆண்டில் இடைவெளி தெரியத் தொடங்கும். தமிழ்ப்பள்ளியை விட்டு மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது அது பள்ளமாகிவிடும்.

முன்பு ஆறாம் ஆண்டின் இறுதியில் யுபிஎஸ்ஆர் இருந்தது. 2021இல் அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிடி3 தேர்வும் போய்விட்டது. பிள்ளைகளின் மேல் இருந்த சுமை குறைந்தது நல்லதே. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே அளவில் "இந்தப் பிள்ளை சரிந்திருக்கிறது" என்று காட்டிய ஓர் இடமும் அதோடு போயிற்று. அதன் பிறகு பெரும்பகுதி பள்ளி அளவிலான மதிப்பீட்டில், அதாவது ஆசிரியரின் கண்ணில் விடப்பட்டது. ஆசிரியருக்கு விபத்தே தெரியாது என்றால் அந்தக் கண் எதைத் தேடும்?

ஐந்து வெள்ளிச் சிகிச்சைக்கு ஒரு நாள் சம்பளம்

பேச்சு-மொழி சிகிச்சை நாட்டில் இல்லாமல் இல்லை. தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம் 1995இலேயே இதற்கான பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் இது முறைப்படுத்தப்பட்ட தொழில். பெரிய அரசு மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு இருக்கிறது. மலேசியக் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 வெள்ளி அளவில்தான். குடியுரிமைப் பத்திரச் சிக்கல் உள்ள குடும்பங்களுக்குக் கட்டணம் பன்மடங்கு, அது தனிக்கதை.

தடையாக இருப்பது தூரமும் நாள் சம்பளமும். குறைந்தபட்ச ஊதியம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. ஈப்போவுக்கு ஒரு தடவை பிள்ளையை அழைத்துப் போனால் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நாள் போய்விடும். பயணச் செலவு வேறு. மொழிப் பயிற்சி என்பது ஊசி போட்டுக்கொண்டு வருவதுபோல் ஒரு தடவையில் முடிவதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போக வேண்டும். இரண்டு தடவை போய்விட்டு நின்றுவிடும் குடும்பத்தை அக்கறை இல்லாதது என்று சொல்லிவிடுவது எளிது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. அவ்வளவு தூரம் போனாலும் தமிழில் சோதிக்கக்கூடியவர் அங்கே இருப்பார் என்ற உறுதி எந்தக் குடும்பத்துக்கும் இல்லை.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்ட தொழிலாளிக்குச் சொக்சோ இருக்கிறது. மலாக்காவில் அதன் பெரிய மறுவாழ்வு மையம் 2014 முதல் இயங்குகிறது. அதே மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கு வந்த பிள்ளை சந்தா கட்டிய தொழிலாளி இல்லை. ஒரே விபத்தில், ஒரே வண்டியில், தகப்பனுக்கு ஒரு வழி, பிள்ளைக்கு வேறு வழி.

தடுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததே. மோட்டாரோட்டிகளுக்குத் தலைக்கவசம் 1973 முதல் சட்டம். காரில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம். தோட்டத்துக்குள் இருக்கும் சாலையில், "பக்கத்துலதானே" என்று பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, தலைக்கவசம் இல்லாமல் போவதைச் சட்டம் வந்து தடுக்கப்போவதில்லை. பெரியவர்களின் கவசத்தைப் பிள்ளைக்கு மாட்டிவிடுவதும் பயனில்லை. அளவு பெரிதாக இருந்தால் விழும்போது அது முதலில் கழன்றுகொள்ளும்.

எந்தக் கட்டத்திலும் அடங்காத பிள்ளை

சமூக நலத்துறையின் மாற்றுத்திறனாளி அட்டைக்கு ஏழு பிரிவுகள் உள்ளன: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை. கல்வி அமைச்சின் 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளும் ஏறக்குறைய இதே வழியில் போகின்றன. வாக்கியம் வாக்கியமாகப் பேசும் பிள்ளையைப் 'பேச்சு' என்ற கட்டத்தில் யாரும் எழுதமாட்டார்கள். 'கற்றல்' என்ற கட்டத்தில் எழுதலாம். ஆனால் நேற்றுவரை நன்றாகப் படித்த பிள்ளைக்கு அந்தப் பெயரைக் கொடுக்கப் பெற்றோர் மனம் ஒப்புவதில்லை. அமெரிக்கா 1990இல் தன் சிறப்புக் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது 'விபத்தால் வந்த மூளைக் காயம்' என்பதைத் தனிப் பிரிவாகச் சேர்த்தது. பெயர் கொடுத்தாலே சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. அங்கும் மருத்துவமனையிலிருந்து பள்ளிக்குத் தகவல் போய்ச் சேராமல் விடுபடும் பிள்ளைகள் உண்டு என்று அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் 2018இல் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கை சொல்கிறது. ஆனால் பெயர் இருந்தால் பாரத்தில் ஒரு கட்டம் இருக்கும். கட்டம் இருந்தால் ஒருவர் கேள்வி கேட்பார்.

பணம் தொடர்பான ஓர் ஆபத்தும் இங்கே இருக்கிறது. விபத்து வழக்கில் பிள்ளை பேசுகிறது, நடக்கிறது என்பதைப் பார்த்து இழப்பீட்டை விரைவாக முடித்துக்கொள்ளும்படி குடும்பத்திடம் சொல்லப்படுவது உண்டு. கடன் இருக்கும் வீட்டில் கையில் வரும் தொகையை மறுப்பது கடினம். மொழிக் குறை மூன்றாண்டு கழித்து வெளிப்படும்போது கோப்பு மூடப்பட்டிருக்கும். வயது குறைந்தவர் சார்பில் வழக்கில் செய்யப்படும் உடன்பாட்டுக்கு நீதிமன்ற ஒப்புதல் வேண்டும் என்பது பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய பாதுகாப்பு. மருத்துவ அறிக்கையில் எலும்பும் தழும்பும் மட்டும் இருக்கின்றனவா, பேச்சு-மொழி மதிப்பீடும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் கேட்கலாம்.

புதிய சட்டமோ புதிய கட்டடமோ இல்லாமல் இப்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு. இன்றைக்குப் பள்ளிக்குப் போய்ச் சேருவது மருத்துவ விடுப்புச் சீட்டு மட்டும். அதில் நாள் இருக்கும், வேறொன்றும் இருக்காது. மருத்துவமனையை விட்டு வரும்போது தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் வேண்டும் என்று பெற்றோர் கேட்டு வாங்கலாம். அதில் விபத்து நடந்த தேதி, ஜிசிஎஸ் எண், எத்தனை நாள் நினைவில்லாமல் இருந்தது, மூளையின் எந்தப் பகுதி, இனி எதைக் கவனிக்க வேண்டும் என்ற ஐந்து வரி போதும். வகுப்பில் முன்வரிசை இடம், சுருக்கமான கட்டளை, பதில் சொல்ல இன்னும் கொஞ்சம் நேரம், பிற்பகலில் குறைந்த சுமை ஆகியவற்றை ஆசிரியர் அந்தக் கடிதத்தை வைத்தே தொடங்கிவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்தால், பிள்ளை முன்னேறுகிறதா, நின்றுவிட்டதா என்பதற்கு எந்தச் சோதனையும் இல்லாமலே சான்று கிடைக்கும். தோட்டத்தில் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். சொன்ன கதையைத் திருப்பிக் கேட்பதும் பயிற்சிதான்.

அந்தக் கடிதத்தின் ஒரு நகல் வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளை தமிழ்ப்பள்ளியை முடித்து ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ இடைநிலைப்பள்ளியில் சேரும் நாளில், பிறப்புப் பத்திரத்தோடு அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அங்கே இருக்கும் ஆசிரியர் யாருக்கும் அந்த விபத்து நினைவில் இருக்காது.